அட்ரஸ் சானிடைசர்: கோவில் பஞ்சாங்கத்தில் காணாமல் போன 4 மணி நேரம்

அட்ரஸ் சானிடைசர், புரோகிராம் தனக்கு ஒதுக்கிய மெமரி இடத்தைத் தாண்டி எழுதினால் பிடித்துக் காட்டும் கருவி. இலவசம்தான், ஆனால் இரண்டு வாரமாக என்னைத் தூங்கவிடாத பிழையை ஒரே நிமிடத்தில் காட்டிக் கொடுத்தது, அதனால் எழுதுகிறேன்.

ரோஸ் ஹில்லில் எங்கள் கோவிலுக்குத் திதி, நட்சத்திர நேரம் கணக்கிட பைத்தானில் ஒரு புரோகிராம் வைத்திருக்கிறேன். இந்தியப் பஞ்சாங்க நேரத்தை அப்படியே எடுக்க முடியாது, மொரீஷியஸ் ஒன்றரை மணி நேரம் பின்னால். கணக்குப் பகுதியை வேகத்துக்காக சி மொழியில், பைத்தானோடு இணையும் எக்ஸ்டென்ஷனாக எழுதினேன். என் லினக்ஸில் எல்லாம் சரி. கோவில் ஆபீஸ் விண்டோஸ் லேப்டாப்பில் பூசம் தொடங்கும் நேரம் மட்டும் 4 மணி நேரம் முந்திக் காட்டியது. காவடி எடுக்க விரதம் இருப்பவர்கள் கேட்கும் நேரம் அது, தப்பாகச் சொல்லிவிட முடியுமா?

சி-யில் லாங் என்ற முழு எண் வகை விண்டோஸில் 64 பிட்டிலும் 4 பைட்தான், 64 பிட் லினக்ஸில் 8. பைத்தான் அனுப்பும் நேரத்தை வாங்கும் இடத்தில் எண்ணின் வகையைச் சொல்லும் குறியாக நான் பெரிய 'எல்' (L) போட்டிருந்தேன், அது 8 பைட் எழுதும், ஆனால் வாங்கும் மாறி வெறும் லாங். கம்பைலர் இந்தப் பொருத்தத்தைப் பார்ப்பதில்லை, வாயே திறக்கவில்லை. விநாடிக் கணக்கு முதல் 4 பைட்டுக்குள் அடங்கிவிட்டது, மிச்சம் 4 பைட் பூஜ்யம் பக்கத்து மாறியில் போய் விழுந்தது. அங்கே இருந்தது 240, உலகப் பொது நேரத்தோடு (UTC) நம் ஊருக்காகக் கூட்ட வேண்டிய நிமிடங்கள். அது 0 ஆனதும் 4 மணி நேரம் போச்சு.

லினக்ஸிலேயே 32 பிட்டாகக் கட்டினால் லாங் 4 பைட் ஆகிவிடும், அப்படிக் கட்டி (கம்பைல் செய்து) இந்தக் கருவியோடு ஓட்டினேன். உடனே சிவப்பு எழுத்தில் '8 பைட் எழுதப்பட்டது' என்று நின்றது, கீழே என் மாறியின் பெயர், வரி எண், அதன் இடம் 32 முதல் 36 வரை, அதாவது 4 பைட்தான் என்ற அளவு, எல்லாம்!

குறையும் உண்டு. என் எக்ஸ்டென்ஷனை மட்டும் இந்தக் கருவியோடு கட்டினால் போதாது, ஏனென்றால் எழுதுவது பைத்தானின் சொந்தக் கோடு, பைத்தானையும் அதற்கான கன்ஃபிகர் ஆப்ஷனோடு புதிதாகக் கட்ட வேண்டும். 32 பிட் லைப்ரரிகளையும் சேர்த்து எனக்கு ஒரு சனிக்கிழமை முழுதும் போனது. மெமரி லீக் (எடுத்த மெமரியைத் திருப்பித் தராதது) அறிக்கைகள் வேறு திரையை நிரப்பும், அதை முதலிலேயே அணைத்துவிடுங்கள். வேகம் பாதியாகும், சோதனைக்குத்தானே, பரவாயில்லை.

மாறியை 8 பைட் வகையான லாங் லாங் ஆக்கினேன். மறுநாள் குருக்கள் ஐயா லேப்டாப்பைத் திறந்து, அச்சுப் பஞ்சாங்க நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தைக் கழித்து ஒப்பிட்டுப் பார்த்து, "இப்போ சரியா இருக்கு தம்பி" என்றார்.