சாப்பாட்டை நம்பி ரூம் போட்டோம்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு மண் பாதையில் கொஞ்ச தூரம் உள்ளே இருக்கிற தோட்டத்து விடுதி இது. பெயர் வேண்டாம்.

தை மாதம் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் போயிருந்தோம். ஒரு பாட்டி விறகடுப்பில் நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, ராகி மாவைக் கொட்டி, துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தார். அந்தக் களியைக் கிள்ளி, விரலால் குழி பண்ணி, நாட்டுக்கோழிக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டால் மெல்லவே வேண்டாம், தானாக இறங்கியது. அந்த ருசிக்காகத்தான் ஆடியில் ஒரு சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு ராத்திரி தங்கப் போனோம். வாடகை 2,800 ரூபாய், ராத்திரிச் சாப்பாடும் காலை டிபனும் சேர்த்து.

ஒகேனக்கல்லில் தண்ணீர் அதிகமென்று பரிசலை நிறுத்தி, குளிக்கவும் தடை போட்டிருந்தார்கள். கர்நாடகா பக்கம் அணை திறந்தால் ஆடியில் இப்படித்தான், அதற்கு விடுதிக்காரரைக் குறை சொல்ல முடியாது. சாப்பாடாவது இருக்கிறதே என்று சீக்கிரமே திரும்பிவிட்டோம்.

எட்டே காலுக்குப் போய் உட்கார்ந்தால், பரிமாறுகிற பையன், "களி தீர்ந்துபோச்சு சார், சப்பாத்தி போடட்டா?" என்கிறான். மத்தியானம் பெங்களூரு வண்டிகள் வரிசையாக வந்து எல்லாவற்றையும் காலி பண்ணிவிட்டதாம். தங்குகிறவர்களுக்கு என்று நாலு உருண்டை எடுத்து வைக்க மாட்டீர்களா என்று கேட்டதும் உள்ளே போய் இரண்டு கொண்டு வந்தான். மேலே ஆடை காய்ந்து வெடித்திருந்தது, உள்ளே மாவு கட்டி கட்டியாக, கிள்ளினால் விரலை விட மாட்டேன் என்கிறது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னடா இது, காலையில கிண்டுனதா?" என்றார். குழம்பில் கோழியைத் தேடினேன், கழுத்தும் முதுகெலும்பும் கிடைத்தன. பாட்டியைக் கேட்டால் ஊருக்குப் போய்விட்டாராம், எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை.

ரூமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போர்வையில் ஈர வாடை, பாத்ரூம் கதவு சாத்தவில்லை, கீசர் சுவிட்சைப் போட்டால் விளக்கு மட்டும் எரிகிறது. இதையெல்லாம் நல்ல சோறு போட்டிருந்தால் மன்னித்திருப்பேன், தோட்டத்து வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று. காலையில் உப்புமா, அதுவும் ரவை. ராகியும் சாமையும் விளைகிற ஊரில்!

கிளம்பும்போது 240 ரூபாய் கூடுதல் பில் நீட்டினார்கள். என்னவென்று பார்த்தால் அந்த இரண்டு களி உருண்டையும் ‘எக்ஸ்ட்ரா’வாம். முதலாளியிடம் கேட்டேன், "கூட்டம் அண்ணே, இந்த ஒரு தடவை அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொண்டார்.

திரும்ப ஒகேனக்கல்லுக்கே போய், கடையில் மீனை வாங்கி அங்கே சமைத்துக் கொடுக்கிற ஒரு அக்காவிடம் கொடுத்தோம். பாதியைக் குழம்பு வைத்து, மீதியைக் கண்ணெதிரே வறுத்துத் தந்தார். அம்மா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த விடுதிக்குப் போவதென்றால் பன்னிரண்டரைக்குள் போங்கள், பாட்டி இருக்கிறாரா என்று அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு உட்காருங்கள். ரூம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.