ஸ்டாட்நாமிக் பைல் சோதனைச் சேவை: மணலில் நம்பலாம், களிமண்ணில் ரிப்போர்ட்டைப் பிரித்துப் பாருங்கள்

மதிப்பெண்: மணல், பாறையில் 5க்கு 4. களிமண்ணில் 2, அதுவும் மூலத் தரவு கைக்கு வந்தால்தான்.

பைல் என்பது நிலத்துக்குள் இறங்கிக் கட்டடத்தைத் தாங்கும் அடித்தளத் தூண். அது எவ்வளவு சுமை தாங்கும் என்று பார்ப்பதே இந்தச் சோதனை. சேவையின் கவர்ச்சி வெளிப்படை. 1000 டன் சோதனைக்குச் சுமார் 50 டன் எதிர்எடை போதும். பைல் தலையில் இருக்கும் உருளையில் எரிபொருள் எரிந்து அந்த எடையை மேலே வீசும். அதே விசை பைலைக் கீழே அழுத்தும். எல்லாம் 100–200 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். மெதுவாகச் சுமை ஏற்றும் நிலைச் சோதனைபோல மேடை கட்டிக் கல் அடுக்கும் வேலையே இல்லை.

தகராறு ரிப்போர்ட்டில்தான். பெரும்பாலும் கிடைப்பது 'அன்லோடிங் பாயிண்ட்' முறைக் கணக்கு. பைல் அதிகபட்சமாக இறங்கி நிற்கும் கணத்தில் வேகம் பூஜ்யம், ஆகவே டாம்பிங்கும் (வேகத்தால் வரும் கூடுதல் எதிர்ப்பு) பூஜ்யம். அளந்த விசையிலிருந்து பைலின் நிறை பெருக்கல் முடுக்கத்தைக் கழித்தால் மண்ணின் நிலை எதிர்ப்பு, அதாவது மெதுவாக அழுத்தினால் மண் தரும் எதிர்ப்பு. அந்தக் கணத்தில் முடுக்கம் மேல்நோக்கி இருப்பதால் கழித்தல் கூட்டலாகிவிடும். கூட்டல், கழித்தல் குறியை மாற்றிப் போட்ட ரிப்போர்ட் மொத்தமும் வீண். உச்ச விசைக்கும் அந்தக் கணத்துக்கும் நடுவே நிலை எதிர்ப்பு மாறவில்லை என்று வைத்துக்கொண்டு, மீதி விசையை வேகத்தால் வகுத்து டாம்பிங் மாறிலியை எடுக்கிறார்கள். வேகம் பூஜ்யத்தை நெருங்கும் கடைசிப் புள்ளிகளில் வகுத்தல் எகிறும். அவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

களிமண்ணில் அந்த மாறிலி என்ற எண்ணமே ஆட்டம் காண்கிறது. வேகம் 10 மடங்கு ஏறினால் நேர்கோட்டு மாடலில் டாம்பிங்கும் 10 மடங்கு. களிமண் அப்படி நடப்பதில்லை. எதிர்ப்பு வேகத்தின் ஓர் அடுக்குக்கு ஏற்ப ஏறும் என்னும் அடுக்குவிதியில் அந்த அடுக்கை வழக்கமான 0.2 என்று வைத்தால், அதே 10 மடங்கு வேகத்துக்குக் கூடுதல் எதிர்ப்பு 1.6 மடங்கே ஏறும். அதாவது மெதுவான நகர்விலேயே பெரும்பகுதி வந்துவிடுகிறது. நேர்கோட்டு மாடல் அதை டாம்பிங்காகப் பார்க்காமல் நிலை எதிர்ப்பின் கணக்கில் போட்டுவிடும், தாங்குதிறன் ஊதிப்போகும். இதற்காகப் புழக்கத்தில் உள்ள குறைப்புக் காரணிகள் பாறைக்கு 0.96, மணலுக்கு 0.91, வண்டலுக்கு 0.69, களிமண்ணுக்கு 0.65. ஒட்டுமொத்தக் காரணி என்பதால் களிமண்ணுக்கான எண்ணை முடிந்த முடிவாக எடுக்க முடியாது. அதே தளத்தில் ஒரு பைலுக்காவது நிலைச் சோதனை செய்து ஒப்பிட வேண்டும்.

நீளமும் கணக்கில் வரும். பைலுக்குள் ஓடும் அழுத்த அலையின் வேகம் 4000 மீட்டர்/செகண்ட், சுமை நேரம் 0.1 செகண்ட் என்றால் அலையின் நீளம் 400 மீட்டர். அதைப் பைல் நீளத்தால் வகுத்தால் 12க்குக் குறையக் கூடாது. 33 மீட்டரைத் தாண்டிய பைலை ஒரே கட்டையாகக் கருத முடியாது. பைலுக்குள் ஸ்ட்ரெய்ன் கேஜ் (நீளம் சுருங்குவதை அளக்கும் உணரி) வைத்துத் துண்டு துண்டாகக் கணக்கிடும் முறையைக் கேளுங்கள்.

பைல் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் லேசர் விஷயத்தில் கறாராக இருங்கள். நிலத்தின் மேற்பரப்பு அலை 150 மீட்டர்/செகண்டில் வந்தால் 15 மீட்டரைக் கடக்க 0.1 செகண்ட். அதைவிடப் பக்கத்தில் ஸ்டாண்டை நட்டால் அளவு முடியும் முன்பே லேசரும் சேர்ந்து ஆடும். ஆக்ஸிலரோமீட்டர் (முடுக்கமானி) காட்டும் முடுக்கத்தை இருமுறை தொகையீடு செய்து எடுத்த இடப்பெயர்ச்சியும் லேசர் வரைபடமும் ஒத்துப்போக வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும்போதே விசை, இடப்பெயர்ச்சி, முடுக்கம் மூன்றின் மூலத் தரவும் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வெறும் பிடிஎஃப் வரைபடத்தை வைத்துக்கொண்டு டாம்பிங்கை மறுபடி கணக்கிட முடியாது.