எச்டி 650-க்கு ஏற்ற ஆம்ப்: ஆறு வருட அனுபவம்

சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போன் என்னிடம் வந்து ஆறு வருடம் ஆகிறது. இதற்குள் ஒரு பழைய ரிசீவர் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்பும் ரேடியோவும் சேர்ந்த பெட்டி), மூன்று ஹெட்போன் ஆம்ப் (ஹெட்போனுக்கான சிக்னல் பெருக்கி) என்று மாறி மாறி வந்தன. ஹெட்போன் மட்டும் அதேதான். நடுவில் ஒரு 20 ஓம் பிளேனர் ஹெட்போனும் (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி எழுப்பும் வகை) வீட்டுக்கு வந்தது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகிக் கேட்டதில்தான், எது எதோடு சேரும், எது சேராது என்பது எனக்குப் பிடிபட்டது. விலை கூடிய ஹெட்போனை வாங்கிவிட்டு அடுத்து எந்த ஆம்ப் என்று குழம்பி நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் சில மாதம் ரிசீவரின் முன்பக்கத் துளையில்தான் செருகிக் கேட்டேன். சத்தத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் விழும் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் ஊதிப்போய், தேவைக்கு மேல் நீண்டு கேட்டது. பேஸ் (தாழ்ந்த ஒலி) கனமான ஹெட்போன் என்று எல்லோரும் சொல்வார்களே, இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் நண்பர் தன்னுடைய சின்ன சாலிட் ஸ்டேட் (டிரான்சிஸ்டரில் ஓடும்) ஆம்பைக் கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். அதே பதிவைப் போட்டதும் தொப்பி அடி வந்த வேகத்தில் நின்றது. அதன் பின்னால் மெலிதாக ஓடிக்கொண்டிருந்த தம்பூரா அதுவரை என் காதில் விழுந்ததே இல்லை. அன்றைக்கு நான் விட்ட கண்ணீரைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"பவர் போதவில்லை, அதான்" என்று அன்று இருவருமே முடிவுகட்டினோம். அது தப்பு. அந்த ரிசீவர் ஒரு ஜோடி ஸ்பீக்கரையே அலற வைக்கும். பவருக்கு அங்கே பஞ்சமில்லை. பிறகு மூடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலையே 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக ஹெட்போன் துளைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். பழைய ரிசீவர் பலவற்றில் இப்படித்தான் இருக்கும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 61938 தரநிலைகூட ஹெட்போன் அவுட்புட்டுக்கு 120 ஓம் என்று ஒரு காலத்தில் பரிந்துரைத்ததுதான்.

இதில் என்ன கெடுதல் என்றால், எச்டி 650-ன் 300 ஓம் என்பது பெட்டியில் போட்டிருக்கும் எண் மட்டுமே. பேஸ் பகுதியில், கிட்டத்தட்ட 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையில், அதன் இம்பீடன்ஸ் (அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும் மின்தடை) 500 ஓம் பக்கம் ஏறிவிடும். முன்னால் 330 ஓம் உட்கார்ந்திருந்தால், மற்ற இடங்களில் 6.4 டெசிபல் குறையும் ஒலி, பேஸ் மேட்டில் மட்டும் 4.4 டெசிபல்தான் குறையும். ஆக அந்த இடத்தில் 2 டெசிபல் துருத்திக்கொண்டு நிற்கிறது. போதாததற்கு, அதிரும் டிரைவரை (ஹெட்போனுக்குள் ஒலி எழுப்பும் பகுதி) ஆம்ப் பிடித்து நிறுத்தும் பிடியும் தளர்ந்துபோகிறது. நான் கேட்ட ஊதல் இதுதான்.

ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது அந்த 330 ஓம் போல ஹெட்போனுக்கு முன்னால் நிற்கும் தடை, ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. 300 ஓமுக்கு 37 ஓம் வரை பரவாயில்லை. 20 ஓமுக்கு 2.5-க்குள் வேண்டும். விளம்பரத்தில் எத்தனை வாட் என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். இந்த எண்ணைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

சரி, பவர் வேண்டவே வேண்டாமா? வேண்டும். ஆனால் எவ்வளவு என்று ஒரு தரம் கணக்குப் போட்டுப் பாருங்கள். எச்டி 650 ஒரு வோல்ட்டில் 103 டெசிபல் தரும். இசையின் உச்ச அடிகளுக்கு 110 டெசிபல் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 2.24 வோல்ட், ஏறத்தாழ 17 மில்லிவாட் போதும். கரண்ட் 7.5 மில்லிஆம்பியர். இவ்வளவேதான். ஹைஃபைமேன் எச்இ-6 போன்ற பிளேனரை எடுத்தால் கதை வேறு. 50 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். அதே 110-ஐத் தொட 450 மில்லிவாட், 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர் தேவை. ஒன்றுக்கு வோல்டேஜ் வேண்டும், கரண்ட் துளிதான். இன்னொன்றுக்கு இரண்டும் வேண்டும். "ஓட்டக் கஷ்டமான ஹெட்போன்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோமே, அதற்குள் இப்படி இரண்டு வேறு கஷ்டங்கள் இருக்கின்றன. 300 ஓம் என்பதைப் பார்த்து மிரண்டு பெரிய ஆம்புக்குப் போவது தேவையில்லாத செலவு. 32 ஓமில் 1 வாட் என்று போட்டிருக்கும் ஆம்ப், அதே வோல்டேஜில் 300 ஓமுக்கு 107 மில்லிவாட் தரும். நமக்கு வேண்டியதைப் போல ஆறு மடங்கு.

அந்தச் செலவை நான் செய்தேன். பேலன்ஸ்டு அவுட்புட் (ஒவ்வொரு காதையும் இரண்டு எதிரெதிர் சிக்னலால் ஓட்டும் முறை) உள்ள பெரிய ஆம்ப், நான்கு பின் கேபிள் எல்லாம் வாங்கினேன். பேலன்ஸ்டில் வோல்டேஜ் இரு மடங்காகும், பவர் ஏட்டளவில் நான்கு மடங்கு வரை போகும். கூடவே அவுட்புட் இம்பீடன்ஸும் இரு மடங்காகும். இதைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை. முதல் வாரம் எனக்குப் பெரிய வித்தியாசம் கேட்டது. மேடை அகன்றது, குரல் பிரிந்து நின்றது என்றெல்லாம் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

அப்புறம் மல்டிமீட்டரை எடுத்தேன். 60 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, இரண்டு ஆம்பிலும் ஹெட்போன் முனையில் ஒரே வோல்டேஜ் வரும்படி வால்யூமைச் சரிசெய்தேன். சாதாரண மல்டிமீட்டர் அந்த அதிர்வெண்ணில்தான் நம்பகமாக அளக்கும், 1000 ஹெர்ட்ஸில் வைத்தால் பல மீட்டர்கள் பொய் சொல்லும். தம்பியை ஆம்பை மாற்றச் சொல்லிவிட்டு நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பாதிக்குப் பாதிதான் சரியாகச் சொன்னேன், அதாவது காசைச் சுண்டிப் போட்டதற்குச் சமம். கேபிளையும் சேர்த்துப் பார்த்தால் நான் கேட்ட "அகலம்" முழுக்க, பெரிய ஆம்ப் கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருந்ததால் வந்தது. ஒரு டெசிபல் கூடினாலே நம் காது அதை "சத்தம் அதிகம்" என்று சொல்லாது, "தெளிவு அதிகம்" என்றுதான் சொல்லும். அளவைச் சமப்படுத்தாமல் இரண்டு ஆம்பை ஒப்பிடுவதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பேலன்ஸ்டு ஆம்ப் மூன்றாம் வருடம் வேறு ஒரு சிக்கலைக் காட்டியது. கெய்ன் (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்கும் என்பது) அதிகம் என்பதால் வால்யூம் குமிழை எப்போதும் அடிமட்டத்திலேயே வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. பல குமிழ்களில் அந்த இடத்தில் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதில்லை. பாடகர் இடது காதுப் பக்கம் நகர்ந்து நிற்பார். குமிழைக் கொஞ்சம் திருகியதுமே சத்தம் அதிகமானால் பவர் அதிகம் என்று அர்த்தமில்லை, கெய்ன் அதிகம் என்றுதான் அர்த்தம். லோ கெய்ன் சுவிட்ச் இல்லாத ஆம்பை இனி வாங்க மாட்டேன்.

ட்யூப் (வெற்றிடக் குழாய்) ஆம்ப் பற்றிக் கேட்பீர்கள். என்னிடம் ஒரு ஓடிஎல் இருக்கிறது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை. அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் 100 ஓம் அளவில். எட்டில் ஒரு பங்குக் கணக்குக்கு இது ஒத்துவராது, ஆனாலும் எச்டி 650-க்கு அதுதான் எனக்குப் பிடித்த ஜோடி. ரிசீவரில் 2 டெசிபலாக ஊதிய மேடு இங்கே ஒரு டெசிபலுக்குள் அடங்கிவிடுகிறது. இரவில் வீணை கேட்கும்போது கீழ்த்தந்திகளுக்கு ஒரு சூடு வருகிறது. இது உண்மைக்கு நெருக்கமான ஒலி இல்லை என்பது தெரிந்தே கேட்கிறேன், அதில் எனக்கு உறுத்தல் ஏதும் இல்லை.

இதே ஆம்பில் பிளேனரைச் செருகியபோதுதான் பொருத்தம் என்ற சொல்லுக்கு முழு அர்த்தமும் புரிந்தது. பிளேனரின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒரே கோடு, அதனால் பேஸ் ஊதவில்லை. ஆனால் 100 ஓமுக்குப் பின்னால் 20 ஓம் நின்றால் 15 டெசிபலுக்கு மேல் காணாமல் போகிறது. குமிழை ஏற்றி ஈடுகட்டப் போனால், அவ்வளவு கரண்ட் கொடுக்க ட்யூபால் முடியவில்லை. கடம் அடித்தால் தகர டப்பா மாதிரி கேட்டது. அதே பிளேனர் அந்தச் சின்ன சாலிட் ஸ்டேட் ஆம்பில் அருமையாகப் பாடுகிறது. நண்பருடையதைக் கேட்ட மறு வாரமே அதே ஆம்பை நானும் வாங்கியிருந்தேன்.

இன்னொன்று. நான்காம் வருடம் எச்டி 650 சலிப்பூட்டத் தொடங்கியது. குரல்கள் முகத்தில் அறைகிற மாதிரி, எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வேறு ஆம்ப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். உண்மையில் காது மெத்தை தட்டையாகி, டிரைவர் காதுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. புது மெத்தை போட்டதும் பழைய எச்டி 650 திரும்பி வந்தது. மூன்று ஆம்ப் மாற்றியும் கேட்காத வித்தியாசம் அது.

நல்ல ஆம்பில் ஒரு ஆபத்தும் உண்டு. மட்டமான ஆம்ப் சத்தம் ஏறினால் கரகரத்து எச்சரிக்கும். சுத்தமான ஆம்ப் எச்சரிக்காது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாக இருந்தால் 80 டெசிபலுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிளேனரில் நான் அதைப் பல நாள் தாண்டியிருக்கிறேன். இப்போது குமிழின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன், அதற்கு மேல் திருப்புவதில்லை.

பேலன்ஸ்டு ஆம்ப், எச்இ-6 வைத்திருக்கும் ஒருவரிடம் போய்விட்டது, அங்கே அதற்கு வேலை இருக்கிறது. என் மேசையில் இப்போது இரண்டுதான். ஓடிஎல்லை ஆன் செய்து ட்யூப் சூடாகும் வரை ஒரு நிமிடம் காத்திருந்து, அதன் பிறகே எச்டி 650-ஐச் செருகுவேன், இல்லையென்றால் 'டொப்' என்று டிரைவரில் ஒரு அடி விழும். பிளேனரின் கேபிள் முனையில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், இருட்டில் தவறிப்போய் அந்தத் துளையில் செருகிவிடக் கூடாது என்பதற்காக.