கோதில் கொத்து விழுந்த பிறகு: காத்திருப்பதா, கை கொடுப்பதா, கோழியிடம் விடுவதா?

முட்டைக் கோதில் முதல் கொத்து விழுந்ததும் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "பாவம், உள்ளுக்குள்ள கிடந்து கத்துது, உரிச்சி விடுங்க" என்று பிள்ளைகள் ஒரு பக்கம். "தொடாத மனே, வாற நேரம் அது வரும்" என்று பெத்தா, அதாவது பாட்டி, மறுபக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் தலைமுறையாக ஊர்க்கோழி வளர்த்த வீடுகளில் இந்தப் பேச்சுக்கே இடம் இருந்ததில்லை. அடைக்கு வைத்த கோழி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) பெட்டிக்குள் பல்பைப் பூட்டி, முட்டை பொரிக்கும் இன்குபேட்டரை நாமே செய்யத் தொடங்கிய பிறகுதான், அல்லது சின்னதாக ஒன்றை வாங்கி வைத்த பிறகுதான், கடைசி நாள் முடிவு நம் கைக்கு வந்தது.

வழிகள் நான்கு. கைவைக்காமல் விடுவது, சவ்வை ஈரமாக்கிப் பாதி உதவி செய்வது, கோதை உரித்துக் குஞ்சை எடுப்பது, அடைக்கோழியின் கீழ் வைத்துவிடுவது. நான் பெரும்பாலும் பெத்தாவின் கட்சி. ஆனால் எல்லா முட்டைக்கும் அதுதான் விடை என்று சொல்ல மாட்டேன். எந்த வழி எந்த முட்டைக்கு என்று தெரிய வேண்டுமென்றால், முதலில் கோதுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கோழி முட்டைக்கு 21 நாள். 19ஆம், 20ஆம் நாள் வாக்கில் குஞ்சு உட்சவ்வைக் கிழித்து, முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறைக்குள் அலகை நீட்டும். அதுவரை அது நுரையீரலால் மூச்சு விட்டதில்லை. கோதின் உட்புறம் முழுக்கப் படர்ந்த இரத்தக் குழாய் வலைதான், கோதின் நுண்ணிய துளைகள் வழியாக ஒட்சிசனை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. காற்றறைக்குள் வந்த பிறகு உள்ளே காபனீரொட்சைட்டு கூடும். அது கூடக் கூடக் கழுத்தின் பின்பக்கத் தசை துடிக்கும், அலகு நுனியில் இருக்கும் முட்டைப்பல் கோதில் மோதும், முதல் கொத்து விழும்.

இதற்குப் பிறகு வரும் இடைவெளிதான் ஆட்களைப் பதற வைக்கிறது. 12 மணித்தியாலம், சில முட்டைகளில் 24 மணித்தியாலம்கூட, வெளியே ஒரு மாற்றமும் தெரியாது. குஞ்சு களைத்துப்போய்விட்டது, செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைப்போம். உண்மையில் அந்த நேரத்தில்தான் சவ்வில் இருக்கும் இரத்தம் குஞ்சின் உடம்புக்குள் திரும்புகிறது. மீதி மஞ்சள் கரு கொப்பூழ் வழியாக வயிற்றுக்குள் போகிறது. இந்த இரண்டும் முடியாமல் குஞ்சு வெளியே வரவே கூடாது. முடிந்ததும் அது அகன்ற முனைப் பக்கமிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகத் திரும்பிக்கொண்டு கோதைச் சுற்றி வெட்டும். வெட்டத் தொடங்கினால் பெரும்பாலும் ஓரிரு மணித்தியாலத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

கைவைக்காமல் விடுவது

சாதாரணமாகப் பொரிக்கும் முட்டைகளுக்கு இதை விடச் சிறந்த வழி இல்லை. இதில் இரத்தம் சிந்தாது, கொப்பூழ் கிழியாது. இன்னொரு பெரிய நன்மை, பெட்டியின் மூடி மூடியபடியே இருக்கும்.

மூடி விஷயத்தை நம்மூர்க் காலநிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பில் வாவிக்கரையோரம் வீடு, காற்றே ஈரம், பிறகு பெட்டிக்குள் ஈரம் எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். 30 பாகையில் 80 வீத ஈரப்பதம் உள்ள காற்றைப் பெட்டிக்குள் 37.5 பாகைக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 50 வீதத்துக்கு இறங்கிவிடும். முதல் 18 நாளுக்கு அது போதும். மாரி மழையில் தண்ணீர்த் தட்டு இல்லாமலே ஓடிவிடும். ஆனால் குஞ்சு வெளிவரும் கடைசி மூன்று நாளில் 65 முதல் 70 வீதம் வேண்டும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் மழை நாளில்கூட உள்ளே இருந்த ஈரம் போய்விடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது கேட்கவே வேண்டாம். கொத்து விழுந்த ஓட்டையைச் சுற்றியுள்ள சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் இறுகிவிடும். ஒரு குஞ்சைப் பார்க்கத் திறந்து, மற்ற ஐந்தை மாட்டிவிடுவது இப்படித்தான்.

அதனால் 18ஆம் நாளோடு முட்டை திருப்புவதை நிறுத்தி, தட்டில் தண்ணீர் விட்டு, மூடிவிடுங்கள். முதலில் வந்த குஞ்சு உள்ளே ஓடித் திரிந்தாலும் பரவாயில்லை. வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு அதற்கு இரண்டு நாளுக்குக் குறையாமல் சாப்பாடு.

இந்த வழியின் குறை ஒன்றுதான். பெட்டி ஒழுங்காக ஓடியிருந்தால்தான் இது பலிக்கும். வீட்டில் செய்த பெட்டியில் ஒரு மூலை சூடும் ஒரு மூலை குளிருமாக இருக்கும். வெப்பம் குறைந்த இடத்தில் இருந்த முட்டை 22ஆம் நாளுக்குத் தள்ளிப்போகும், அது பிழையில்லை. ஆனால் சவ்வு காய்ந்து ஒட்டிப்போன குஞ்சு எவ்வளவு பலமானதாக இருந்தாலும் திரும்ப முடியாது. திரும்ப முடியாத குஞ்சுக்கு உங்கள் பொறுமையால் பயனில்லை.

பாதி உதவி

என் பார்வையில் முதல் தடவைக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். ஓட்டை விழுந்து 24 மணித்தியாலம் தாண்டியும் ஒரு துளி முன்னேற்றம் இல்லை, ஓட்டையோரச் சவ்வு வெள்ளை மாறி மஞ்சளாகவோ தவிட்டு நிறமாகவோ காய்ந்து கடதாசி மாதிரி ஆகிவிட்டது, முன்பு கத்திய குஞ்சின் சத்தம் குறைகிறது. இவை சேர்ந்து வந்தால் கை வைக்கலாம். வெறும் கடிகாரத்தை மட்டும் பார்த்துக் கை வைக்க வேண்டாம்.

குளியலறையில் சுடுதண்ணீர் வாளியை வைத்துக் கதவை மூடி, அந்த ஆவிக்குள் இருந்து செய்தால் நல்லது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஓட்டையைச் சுற்றிக் கோதை மட்டும், நெல்மணி அளவு துண்டு துண்டாக, நகத்தாலோ சாமணத்தாலோ எடுங்கள். சவ்வைக் கிழிக்க வேண்டாம். பிறகு காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் தோய்த்துச் சவ்வின் மேல் ஒற்றுங்கள். காய்ந்த சவ்வு ஈரமானதும் ஊடு தெரியும். அதில் சிவப்புக் கோடுகள் ஓடினால் அவை உயிருள்ள இரத்தக் குழாய்கள். அங்கேயே நிறுத்தி, முட்டையைப் பெட்டியில் வைத்து, இன்னும் ஆறேழு மணித்தியாலம் விட்டுவிடுங்கள். குஞ்சு அலகை மென்று மென்று மூடித் திறப்பதையும் பார்க்கலாம். மஞ்சள் கரு இன்னும் முழுக்க உள்ளே போகவில்லை என்பதற்கு அனுபவசாலிகள் இதை அடையாளமாக எடுப்பார்கள். சவ்வு வெறும் வெள்ளையாக, கோடு இல்லாமல் இருந்தால் மட்டும் அலகைச் சுற்றிக் கொஞ்சம் விலக்கிவிடலாம். ஒரு சொட்டு இரத்தம் வந்தாலும் சுத்தமான பஞ்சை மெதுவாக வைத்து அழுத்துங்கள். அன்றைக்கு அதோடு வேலை முடிந்தது.

தண்ணீரா, தேங்காய் எண்ணெயா என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர் சீக்கிரம் காயும். காயும்போது முட்டையைக் குளிரவைக்கும், சவ்வைத் திரும்பவும் இறுக்கும். குழாய் இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர், பார்த்த பிறகு சவ்வை மென்மையாக வைத்திருக்கத் தேங்காய் எண்ணெய், இதுதான் என் தெரிவு. எண்ணெயை இளஞ்சூடாக்கி, மெல்லிசாகப் பூச வேண்டும். மூக்குத் துவாரத்தின் பக்கம் இரண்டுமே போகக் கூடாது. முதல் மூச்சு விடப் பழகும் குஞ்சு ஒரு சொட்டிலேயே மூச்சுத் திணறிவிடும்.

இன்னொரு வகை முட்டை உண்டு. டோர்ச் பிடித்துப் பார்த்தால் காற்றறைக்குள் அலகு நிழல் அசைகிறது, காதில் வைத்தால் கீச்சுச் சத்தமும் கேட்கிறது, ஆனால் ஒரு நாள் தாண்டியும் கோதில் கொத்து விழவில்லை. அதற்குக் காற்றறையின் மேல்பக்கம், அகன்ற முனையில், சுத்தம் செய்த ஊசியால் மெதுவாகச் சுழற்றிக் குண்டூசித் தலை அளவு ஒரு துளை போட்டால் போதும். மூச்சுக்குக் காற்று கிடைத்துவிடும், மற்ற வேலையை அது தன் நேரத்தில் செய்யும். சில குஞ்சு ஒடுங்கிய முனையில் கொத்தும். அவற்றில் பல தானாகவே வந்துவிடும் என்றாலும், காற்றறை கிடைக்காததால் அவற்றைக் கூடுதலாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மாரி காலத்தில் ஒரு எச்சரிக்கை. முட்டையில் இருந்து தண்ணீர் போதியளவு ஆவியாகாமல், குஞ்சு வீங்கி, ஓட்டை ஓரத்தில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும் நிலையும் உண்டு. அந்த முட்டைக்கு இன்னும் ஈரம் சேர்ப்பது உதவியே இல்லை. அலகு மூழ்காமல் ஓட்டையைத் துடைத்துத் திறந்து வைப்பதுதான் அங்கே செய்யக்கூடியது.

உரித்து எடுப்பது

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. காணொளிகளில் முழுக் கோதையும் உரித்துக் குஞ்சைக் கையில் எடுத்துக் காட்டுவார்கள். அந்தக் குஞ்சு மறுநாள் எப்படி இருந்தது என்று காட்டுவதில்லை. இரத்தம் திரும்பாத சவ்வைக் கிழித்தால் குஞ்சு இரத்தம் போய்ச் சாகும். மஞ்சள் கரு வெளியே தொங்கும் குஞ்சைப் பிழைக்க வைப்பது மிகக் கடினம்.

ஒரேயொரு இடத்தில் இது சரி. குஞ்சு தானே கோதைப் பாதிக்கு மேல் சுற்றி வெட்டிவிட்டது, பிறகு சவ்வு காய்ந்து பல மணித்தியாலமாக அப்படியே நிற்கிறது. அப்போது அது வெட்டிய கோட்டிலேயே தொடர்ந்து உடைத்து, மேல் மூடியை மட்டும் எடுங்கள். தலை வெளியே வரட்டும். கீழ்ப்பாதிக் கோதைக் கழற்றாதீர்கள், கொப்பூழ் அங்கேதான் இருக்கிறது. குஞ்சைக் கோதோடு பெட்டியில் வைத்தால் தானே உதைத்துக்கொண்டு வெளியேறும். அந்த உதைப்பு காலுக்கும் தேவை.

அடைக்கோழியிடம் விடுவது

அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கமோ, கொக்கட்டிச்சோலைப் பக்கமோ, ஊர்க்கோழி நிற்கும் வீடுகளுக்கு இந்த வழி கையிலேயே இருக்கிறது. இன்குபேட்டர்காரர்கள் இதை மறந்துவிடுவது எனக்கு வருத்தம். 18ஆம் நாள் இரவு, இருட்டில், சில முட்டைகளை அடைக்கோழியின் கீழ் மாற்றி வைத்துவிடலாம். வெப்பமும் ஈரமும் அதன் வயிற்றுக்கடியில் சரியாக இருக்கும். கோதுக்குள் குஞ்சு கத்தினால் கோழி குரல் கொடுக்கும். கரண்ட் போனாலும் கவலை இல்லை. 2022இல் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தையும், மாரி வெள்ளத்தில் லைன் விழும் இரவுகளையும் நினைத்தால் இது சின்ன விஷயம் அல்ல.

குறைகளும் உண்டு. நேற்று அடை கிடக்கத் தொடங்கிய கோழி இன்று குஞ்சை ஏற்கும் என்று நம்ப முடியாது. இரண்டு, மூன்று கிழமை உறுதியாகக் கிடந்ததுதான் வேண்டும். கொத்து விழுந்த முட்டைக்கு எறும்பு வரும், அது கொடுமையான சாவு. கூட்டைத் தரையில் வைக்காமல், கால் வைத்த பலகையில் வைத்து, கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைக்குள் நிறுத்துங்கள். அப்புறம், முதலில் வந்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கோழி ஓரிரு நாளில் எழும்பிவிடும், பிந்திய முட்டைகள் ஆறிப்போகும். அந்த நேரத்தில் இன்குபேட்டர் ஓடிக்கொண்டிருந்தால் பிந்தியதை அதற்குள் திரும்ப வைக்கலாம். இரண்டும் இருப்பவருக்கு இதுதான் மிக நல்ல ஏற்பாடு. பாதி உதவி செய்த குஞ்சை மட்டும் உடனே கோழியின் கீழ் விட வேண்டாம். கால் ஊன்றாத குஞ்சை மற்றவை மிதித்துவிடும்.

சரி, எதைத் தெரிவது? கோழி அடை கிடந்தால் கோழி. இல்லையென்றால் மூடிய மூடி. காய்ந்த சவ்வு, நின்றுபோன முன்னேற்றம், குறையும் குரல் மூன்றும் தெரிந்த முட்டைக்கு மட்டும் பாதி உதவி. உதவியில் வந்த குஞ்சின் கொப்பூழில் அயடின் தொட்டு, காய்ந்து நிமிரும்வரை பெட்டியிலேயே வைத்திருங்கள். கால் விரிந்து போகாமல் கீழே சொரசொரப்பான துணி போடுங்கள், கடதாசி வழுக்கும். பிழைத்தால் சந்தோஷமாக வளருங்கள். ஆனால் பெட்டியில் குறை ஒன்றும் இல்லாமலே உதவி தேவைப்பட்ட குஞ்சு என்றால், பின்னாளில் அதன் முட்டையை அடைக்கு எடுக்க மாட்டேன்.

23ஆம் நாள் முடிந்தும் சத்தமில்லாமல் இருக்கும் முட்டைகளை எறிந்துவிடாமல் திறந்து பாருங்கள். கூழ்முட்டை என்றால் அதற்குப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது. முழுசாக வளர்ந்த குஞ்சு, காற்றறை சின்னது, உள்ளே நீர் என்றால் முதல் 18 நாளில் ஈரம் கூடிவிட்டது. காற்றறை மிகப் பெரிது, குஞ்சு சிறிது, சவ்வு இறுகியது என்றால் ஈரம் போதவில்லை. அடுத்த முறை முட்டை வைக்கும்போதே சமையல் தராசில் நிறுத்து, முட்டையில் பென்சிலால் எழுதி வையுங்கள். 50 கிராம் முட்டை 18ஆம் நாளில் ஏறக்குறைய 44 கிராமுக்கு இறங்கியிருக்க வேண்டும். நடுவில் 9ஆம், 10ஆம் நாளில் நிறுத்துப் பார்த்து, மூன்று கிராமுக்குக் குறைவாக இறங்கியிருந்தால் தண்ணீர்த் தட்டை வெளியே எடுங்கள், கூடுதலாக இறங்கியிருந்தால் தட்டில் தண்ணீரைக் கூட்டுங்கள்.