பம்பர் டு பம்பர் கவர்: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

கார் இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஷோரூமில் 'பம்பர் டு பம்பர்' என்று விற்கப்படுவது ஜீரோ டெப்ரிசியேஷன், அதாவது தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தரும் ஆட்-ஆன் (கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்வது). ஐந்து வயதுக்கு உட்பட்ட காருக்குத் தயங்காமல் வாங்கலாம். பேரை நம்பி எல்லாமே கிடைக்கும் என்று மட்டும் இருந்துவிடக் கூடாது.

சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் (அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்தோடு நம் வண்டிச் சேதத்துக்கும் பணம் தருவது), மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி என்றால் வண்டி புதிதானாலும் 50 சதவீதம். இரும்புப் பாகங்களுக்கு மூன்று வயது தாண்டினால் 25, ஐந்து தாண்டினால் 40. கண்ணாடிக்குக் கழிவு கிடையாது.

மூன்றரை வயது ஹேட்ச்பேக்கின் முன்பக்கம் நசுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி நீங்கலாக பம்பர் ரூ.10,000, பானெட் ரூ.12,000, பெயின்டிங் ரூ.8,000. பம்பரில் 5,000, பானெட்டில் 3,000 போகும். பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பெயின்ட் விலையாகக் கணக்கிட்டு அதில் பாதி, 1,000. ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாய டிடக்டிபிள் இன்னொரு 1,000 (1,500 சிசிக்கு மேல் 2,000). ஆக 30,000 பில்லில் 10,000 உங்கள் பாக்கெட்டிலிருந்து. ஜீரோ டெப் இருந்தால் 1,000 கட்டிவிட்டு வண்டியை எடுக்கலாம்.

இனி ஓட்டைகள். பல கம்பெனிகள் வருடத்துக்கு இரண்டு கிளெய்மோடு நிறுத்திவிடும். ஆயில், கூலன்ட், நட்டு, போல்ட்டுக்கு 'கன்ஸ்யூமபிள்ஸ்' ஆட்-ஆன் தனியாக வேண்டும். பெரிய ஓட்டை எஞ்சின். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின! தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் நீர் புகும். நீரை அழுத்த முடியாததால் கனெக்டிங் ராட் வளையும். வெள்ளத்தால் நேரடியாக வந்ததல்ல, 'பின்விளைவு நஷ்டம்' என்று கிளெய்மைத் தள்ளிவிடுவார்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிக்காரர்களுக்கு எஞ்சின் சேதத்துக்கான 'எஞ்சின் புரொடெக்ட்' ஆட்-ஆன் அவசியம். அது இருந்தாலும் சாவியைத் தொடாதீர்கள். டோ செய்யச் சொல்லுங்கள்.

ஜீரோ டெப் இருக்கிறதே என்று சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடுவதும் நஷ்டம். ஓன் டேமேஜ் பிரீமியம் (நம் வண்டிச் சேதத்துக்கான பங்கு) 8,000, அடுத்த ரினியூவலில் அதில் 45 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்கான தள்ளுபடி) வரவிருக்கிறது என்றால், 4,000 ரூபாய் வேலைக்கு டிடக்டிபிள் போகக் கையில் வருவது 3,000, போவது 3,600. அதோடு போனஸ் மறுபடி 20-லிருந்து ஏற வேண்டும்.

ஆன்லைனில் விலை ஒப்பிடும்போது முதலில் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே ஐடிவி (பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு) போடுங்கள். ஐடிவியைக் குறைத்துத்தான் பிரீமியத்தைக் குறைவாகக் காட்டுவார்கள். கார் திருடு போனால் அந்தத் தொகைதான் கைக்கு வரும். கிளெய்மில் நாமே ஏற்கும் தொகையைக் கூட்டும் 'வாலன்டரி டிடக்டிபிள்' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.