எந்தேபேயில் கேட்டார்கள், இங்கே கேட்கவில்லை

கம்பாலாவில் வேலை. இரண்டு வருஷம் கழித்துப் போன மாதம்தான் ஊருக்கு வந்தேன். உகாண்டாவின் எந்தேபே விமான நிலையத்தில் இறங்கினால் பாஸ்போர்ட்டுக்கு முன்னால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைத்தான் கேட்பார்கள். அந்தப் பழக்கத்தில், துபாய் வழியாக நம்மூரில் இறங்கும்போதும் அட்டையைக் கையிலேயே வைத்திருந்தேன்.

விடிகாலை மூன்று மணி. சுகாதார மேசை இருந்தது, ஆள் இல்லை. இமிக்ரேஷனில் இருந்தவர், "துபாயா?" என்றார். "இல்லை சார், உகாண்டா" என்று அட்டையை நீட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். பின்னால் ஒரு தம்பி, அட்டையைப் பெட்டியோடு லக்கேஜில் போட்டுவிட்டு வியர்த்து நின்றான். அவனையும் கேட்கவில்லை.

செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வருகிறவரை 6 நாள் வரை தனியே வைக்கலாம் என்பது விதி. கிருமி உடம்பில் ஏறிக் காய்ச்சலாக வெளிப்பட ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும்.

அம்மாவுக்கு இது இன்னும் மஞ்சள் காமாலைதான்; கீழாநெல்லி அரைக்கப் போய்விட்டாள். காமாலை வேறு, இது வேறு. இந்தியாவில் இந்த நோய் இல்லை. ஆனால் பரப்புகிற ஏடிஸ் கொசு, அதாவது டெங்கு கொசு, வீட்டுக்கு வீடு இருக்கிறது. 2016இல் அங்கோலாவில் வேலை பார்த்த சீனர்கள் 11 பேர் இந்தக் காய்ச்சலோடு ஊர் திரும்பினார்கள். ஆசியாவுக்குள் அது வந்ததாக உறுதியானது அதுவே முதல் முறை. நல்லவேளை, அங்கே பரவவில்லை. எங்களைப் போலப் பிழைக்கப் போனவர்கள்தான் அவர்களும்.

விமான நிலையத்தைவிட எங்கள் தெரு தேவலை. மறுவாரம் டெங்கு வேலைக்கு வந்த இரண்டு அக்காக்கள் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் புழு பார்த்து, மருந்து ஊற்றி, கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து, மாடியில் கிடந்த டயருக்காக என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

அக்கா மகனுக்கும் கம்பாலாவில் வேலை கிடைத்திருக்கிறது. "திரும்பி வரும்போது கேட்கவே மாட்டாங்கன்னா ஊசி எதுக்கு மாமா?" என்றான். சரி, எந்தேபேயில் கேட்பார்களே என்று கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு இழுத்துப் போனேன். ஒரு ஊசி, ஆயுசுக்கும் போதும். ஆனால் போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். அவன் டிக்கெட்டோ எட்டாம் நாள். தேதி மாற்றிய காசுக்கு இன்னும் முறைக்கிறான்.