சிறைக் காவலர் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை: மருத்துவ ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்து வாங்கும் தரகர்

டெல்டா மாவட்டச் சிறை ஒன்றில் முதல்நிலைக் காவலராக இருக்கும் என் அண்ணனுக்கு நேர்ந்ததை, சிறைத் துறையில் பணியாற்றுவோரும் அவர்கள் வீட்டாரும் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கைதிகள் நெருக்கமாக அடைபட்டிருக்கும் இடத்தில் காசநோய் எளிதில் பரவும். சிறையின் மருத்துவப் பிரிவில் நெடுங்காலம் இரவுப் பணி பார்த்த அண்ணனுக்கு அந்நோய் முதுகுத்தண்டில் வந்து, இரு கால்களும் வலுவிழந்தன. இந்த வகைக்கு வழக்கமாக 12 மாதங்களோ அதற்கு மேலோ மருந்து உட்கொள்ள வேண்டும். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்தது. சிகிச்சையில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை வேறு திசையிலிருந்து வந்தது. ஓய்வுபெற்ற அலுவலக ஊழியர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், அண்ணன் படுத்திருந்த வார்டுக்கே வந்து, கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். சிறைப் பணியாளருக்குக் காசநோய் வந்தால் அது பணியால் வந்ததென்றே சட்டம் கருதும், இழப்பீடு தந்தே ஆக வேண்டும் என்றது அது. “தம்பி, பதினைந்து லட்சம் உறுதி. மேலே ஆள் இருக்கிறது, நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்றார். அண்ணி கூட்டுறவுச் சங்கத்தில் தாலிச் சங்கிலியை அடகு வைத்து 60,000 ரூபாய் கொடுத்தார்.

காணொளியில் சொன்னது பொய்யன்று. ஆனால் அது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம். அங்கே சிறை அலுவலர்களுக்கு வரும் காசநோய், இதயநோய் போன்றவற்றைப் பணியால் வந்தவையாகவே முதலில் கருதுவார்கள்; இல்லையென்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு. தமிழ்நாட்டுச் சிறைக் காவலருக்கு அந்தச் சட்டத்தால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

இழப்பீட்டு மனு என்று சொல்லி அவர் கையெழுத்து வாங்கிய தாள்களில் இரண்டு வெற்றுப் பத்திரங்கள். மூன்றாவது, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு கடிதம். அதன் நகலை மன்னார்குடியில் ஒரு வழக்கறிஞர் வாசித்துக் காட்டியபோதுதான், “உடல்நலக் குறைவால் எனது சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து ஓய்வு கோருகிறேன்” என்ற வரி எங்களுக்குத் தெரிந்தது. காலூன்றி நிற்க முடியாமல் படுத்திருந்த ஒரு மனிதரிடம் அவருடைய வேலையையே எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்பதை இன்றும் என்னால் ஆறாமல்தான் நினைக்க முடிகிறது.

அந்தக் கடிதம் தேவையே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 20(4) பிரிவு, பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலையைச் செய்ய இயலாதவரை அதே ஊதிய விகிதத்தோடும் பயன்களோடும் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு பணியிடம் இல்லையென்றால், தகுந்த இடம் கிடைக்கும்வரையோ ஓய்வு வயதுவரையோ கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். நோய் சிறையில்தான் தொற்றியது என்று இதற்கு நிரூபிக்க வேண்டியதும் இல்லை. உறுதியான மாத ஓய்வூதியம் இல்லாத பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் அண்ணனைப் போன்றவருக்கு, முன்கூட்டி ஓய்வு பெறுவதற்கும் மாதச் சம்பளம் தொடர்வதற்கும் உள்ள வேறுபாடு பிள்ளைகளின் படிப்பையே தீர்மானிக்கும்.

நல்லவேளையாக அந்த ஓய்வுக் கோரிக்கை மீது துறை ஆணை பிறப்பிக்கவில்லை. ஏற்கப்படுவதற்கு முன் விலக்கிக்கொள்கிறோம் என்று எழுதி, ஒப்புகையுடன் தபாலில் அனுப்பி, நேரிலும் கொடுத்து நகலில் முத்திரை வாங்கினோம். அரசு மருத்துவக் குழுவின் ஊனச் சான்றிதழை இணைத்து மாற்றுப் பணி கேட்டோம். அண்ணன் இப்போது பதிவேடு எழுதும் பணியில் அதே சம்பளத்தில் இருக்கிறார்.

பணம் திரும்பவில்லை. வெற்றுப் பத்திரங்களும் அந்தத் தரகரிடம்தான் இருக்கின்றன. அவற்றைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது பெற்றிருக்கிறோம். அதே ஆள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் மற்றொரு காவலர் வீட்டுக்கும் போயிருக்கிறார் என்று அறிகிறேன். அந்த ஆளிடம் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள், துறையிலிருந்து ஆணை வருவதற்குள் விலக்கல் கடிதத்தை இன்றே கொடுத்துவிடுங்கள்.